உறங்கப் போகும் ஆமையும் அதன் உணவும்



“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது” என்பது நம் பெரியவர்கள் சொல்லிவந்த பழமொழி. கடனுக்காக வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய வரும் நீதிமன்றச் சேவகன்தான் அமீனா. அவனோடு சேர்த்துப் பேசும் அளவுக்கு ஆமையின்மேல் நம்மவர்களுக்கு ஒரு கசப்பு. ஆனால் சீனர்களோ ஆமையை நீண்ட ஆயுளின் அடையாளமாகப் போற்றுகிறார்கள். பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள கெக் லோக் சி கோயிலுக்குச் சென்றவர்கள் அங்கே இருக்கும் ஆமைக் குளத்தைப் பார்த்திருப்பீர்கள். கங்கோங் கீரையை நீட்டினால் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிவந்து ஆமைகள் கழுத்தை நீட்டும் காட்சியைக் குழந்தைகள் எளிதில் மறப்பதில்லை.

நாம் இன்று பேசப்போவது குளத்து ஆமையைப் பற்றி அன்று. இங்கிலாந்து முதலிய குளிர்நாடுகளில் வீட்டுப் பிள்ளைபோல் வளர்க்கப்படும் நில ஆமையைப் பற்றி. அங்கே தாத்தா வளர்த்த ஆமையைப் பேரன் வளர்ப்பது புதுமையன்று. அப்படி வளர்ப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு கவலைக் காலம் வருகிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பகல் குறுகி, குளிர் தலைகாட்டும்போது, ஆமை நீண்ட உறக்கத்துக்கு ஆயத்தமாகிறது. அந்த நேரத்தில் சில ஆமைகள் தின்னக்கூடாத பொருள்களைத் தின்பதைக் காணலாம். பக்கத்தில் பசுங்கீரை இருக்க, ஆமை மண்ணைத் தின்னும், கூழாங்கல்லை விழுங்கும், நத்தையை ஓட்டோடு நொறுக்கும், பழைய செய்தித்தாளைக் கிழித்து மெல்லும்.

இது என்ன விபரீதம்? ஆமைக்குப் புத்தி தடுமாறிவிட்டதா? அல்லது அதற்கு ஏதோ ஒரு தேவை இருக்கிறதா? உறங்கப் போகுமுன் அது எதைத் தின்றால் என்ன? இந்தக் கேள்விகளுக்கு விடை காண்பதில் ஓர் உயிரின் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கிறது. அதனால் சற்று விளக்கமாகவே பார்ப்போம்.

முதலில், ஆமை ஏன் உறங்குகிறது?

நமக்கும் ஆடு, மாடு, கோழிக்கும் உடம்புக்குள்ளேயே ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. வெளியே அடைமழையானாலும் கடும் வெயிலானாலும் நம் உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். நாம் உண்ணும் சோறுதான் அந்த அடுப்புக்கு விறகு. ஆமை, பாம்பு, பல்லி முதலிய ஊர்வனவற்றுக்கு இப்படிப்பட்ட அடுப்பு இல்லை. வெயில் காய்ந்தால் அவற்றின் உடல் சூடேறும். குளிர் வந்தால் உடலும் குளிர்ந்துபோகும். உடல் குளிர்ந்தால் கால் நகராது, வாய் மெல்லாது, குடல் அசையாது.

கேமரன் மலையின் இரவுக் குளிருக்கே நாம் போர்வையைத் தேடுகிறோம். இங்கிலாந்தின் குளிர்காலம் வாளித் தண்ணீரைக் கல்லாக உறையவைக்கும். பல மாதங்களுக்குப் புல்லும் கீரையும் சரியாக முளைப்பதில்லை. வெயிலும் இல்லாமல் உணவும் இல்லாமல் ஆமை எப்படிப் பிழைக்கும்? மண்ணுக்குள் புதைந்து, இதயத் துடிப்பையும் மூச்சையும் மிகமிகக் குறைத்துக்கொண்டு, வசந்தம் வரும்வரை அசையாமல் கிடக்கிறது. அதைத்தான் குளிர்கால உறக்கம் என்கிறோம்.

நம் ரப்பர் மரங்களை எண்ணிப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் வறட்சி வந்ததும் இலைகளை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கின்றன அல்லவா? அப்போது பால் குறைந்துவிடும்; பால் வெட்டுபவரின் கையில் காசும் குறைந்துவிடும். ஆனால் மரம் செத்துவிடவில்லை. காலம் சரியில்லை என்று செலவைச் சுருக்கிக்கொண்டு காத்திருக்கிறது. ஆமையின் உறக்கமும் ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான்.

எல்லா ஆமைகளும் இப்படி உறங்குவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மொரோக்கோ, துருக்கி, கிரேக்கம் முதலிய மத்தியதரைக் கடல் நாடுகளைச் சேர்ந்த கிரேக்க ஆமை, ஹெர்மன் ஆமை போன்றவையே ஐரோப்பிய வீடுகளில் வளர்ந்து குளிர்காலத்தில் உறங்குபவை. வெப்ப நாட்டு ஆமைகளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இந்த உறக்கத்தைப் பொறுமையாகக் கவனித்து எழுதிவைத்தவர்களுள் முக்கியமானவர் கில்பர்ட் ஒயிட் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார். 1720-இல் பிறந்த அவர், இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் செல்போர்ன் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர். அவருடைய அத்தை வீட்டில் திமோத்தி என்ற பெயருடைய ஓர் ஆமை இருந்தது. 1780-இல் அத்தை காலமானதும், மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்த திமோத்தியைத் தோண்டியெடுத்து, மண் நிரப்பிய பெட்டியில் வைத்து, குதிரை வண்டியில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தூரம் கொண்டுவந்தார் ஒயிட். வண்டியின் குலுக்கலில் ஆமை விழித்துக்கொண்டது. புது வீட்டுத் தோட்டத்தில் இறக்கிவிட்டதும் தோட்டத்தின் கோடிவரை இரண்டு முறை நடந்து பார்த்தது. மாலையில் குளிர் வந்ததும், ‘இன்னும் காலம் ஆகவில்லை’ என்பதுபோல், மீண்டும் மண்ணுக்குள் புதைந்துகொண்டது!

திமோத்தி எதை விரும்பித் தின்றது என்பதையும் ஒயிட் குறித்து வைத்திருக்கிறார். ஒடித்தால் பால் வடியும் செடிகள்தாம் அதற்கு மிகவும் பிடித்தமானவை. பாலோடு பழகிய தோட்டத்து மக்களாகிய நமக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். நம் மரத்தில் வடிவதைப் போலவே வெள்ளையாக வடியும் பால்தான் அது. லெட்டூஸ் கீரையும், மஞ்சள் பூப்பூக்கும் டான்டெலியன் என்ற களைச் செடியும் அவ்வகையைச் சேர்ந்தவை.

ஒயிட் கண்டறிந்த முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நடுக்கோடையில் திமோத்தி கண்ணில் பட்ட தழையையெல்லாம் பேராசையோடு தின்னும். ஆனால் இலையுதிர் காலம் வந்து, மண்ணுக்குள் போகும் நாள் நெருங்கும்போது, தானாகவே உண்பதை நிறுத்திவிடும். வசந்தத்தில் எழுந்தவுடனும் சில நாள் எதையும் தொடாது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே திமோத்தி விரதம் இருந்தது. ஒயிட் 1793-இலும் திமோத்தி அதற்கு அடுத்த ஆண்டிலும் இறந்தார்கள். அதன் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஆண் பெயரோடு வாழ்ந்த திமோத்தி உண்மையில் பெண் ஆமை என்பது அது இறந்த பிறகுதான் தெரியவந்தது!

திமோத்தி ஏன் விரதம் இருந்தது? இதில்தான் நம் பேச்சின் மையக் கருத்து அடங்கியிருக்கிறது.

ஆமை தின்பது பெரும்பாலும் நார் மிகுந்த இலைதழை. அந்த நாரை உடைத்துச் செரிக்க வைப்பவை குடலில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அவை வேலை செய்ய வெப்பம் வேண்டும். நல்ல வெயில் காலத்திலேயே ஒருவேளை உணவு ஆமையின் குடலைக் கடந்து வெளிவர நாள்கணக்காகும், குளிர்ந்துவிட்டால் வாரக்கணக்காகும். இன்னும் குளிர்ந்தால் உணவு நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

சோறு பாதி வெந்துகொண்டிருக்கும்போது அடுப்பு அணைந்துபோய், பானையை அப்படியே மூடி வைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் என்ன இருக்கும்? புளித்து நுரைத்து நாற்றமெடுத்திருக்கும். உணவு நிறைந்த வயிற்றோடு உறங்கப் போகும் ஆமையின் குடலிலும் இதுதான் நடக்கிறது. செரிமானம் நின்றுவிடுகிறது, ஆனால் அழுகல் மெல்ல மெல்லத் தொடர்கிறது. அதனால் வாயு உண்டாகும். நஞ்சு ஊறி இரத்தத்தில் கலக்கும். ஆமையோ ஆழ்ந்த உறக்கத்தில் கிடக்கிறது. வலித்தாலும் எழுந்து சொல்ல அதனால் முடியாது. வசந்தத்தில் பெட்டியைத் திறப்பவர் செத்த ஆமையைத்தான் காண்பார்.

ஆகவே உறங்கப் போகும் ஆமைக்குக் குடல் காலியாக இருக்க வேண்டும். உடம்பில் கொழுப்பும் நீரும் சேமிப்பாக இருக்கலாம். குடலில் உணவு இருக்கக் கூடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, முன்பு கேட்ட கேள்விக்கு வருவோம். மண்ணையும் கல்லையும் ஆமை ஏன் தின்கிறது?

முதற் காரணம், சுண்ணாம்புச் சத்து. ஆமை தன் வீட்டைத் தானே சுமக்கிறது. அந்த வீடு எலும்பால் ஆனது. எலும்புக்கும், பெண் ஆமையாக இருந்தால் முட்டை ஓட்டுக்கும், சுண்ணாம்புச் சத்து மிகுதியாக வேண்டும். கீரையில் அது போதாதபோது ஆமை வேறு இடத்தில் தேடுகிறது. நத்தை ஓடு, முட்டை ஓடு, காய்ந்த எலும்பு, மண் எல்லாம் அந்தத் தேடலில் அகப்படுபவை. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்து ஆமைகள் சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண் படிவத்தைத் தேடிச் சென்று, காலால் தோண்டித் தின்பதை ஓர் ஆய்வு 1982-இல் வெளியிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் மண் தின்னும் பைத்தியம்; உள்ளே பார்த்தால் மருந்து தேடும் அறிவு! இதை அறிந்தவர்கள் ஆமையின் பக்கத்தில் கணவாய் மீனின் ஓட்டை வைத்துவிடுகிறார்கள். நம் நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று சொல்லி விற்கிறார்களே, அதேதான். தேவையான ஆமை அதைக் கொறித்துக்கொள்ளும்.

இரண்டாவது காரணம், ஆமை நாம் நினைப்பதுபோல் முழுச் சைவம் அன்று. காட்டில் வாழும்போது முக்கிய உணவு இலைதழைதான் என்றாலும், வழியில் கிடைக்கும் நத்தை, மண்புழு, செத்த பிராணி, பிற விலங்கின் சாணம் இவற்றையும் அது விட்டுவைப்பதில்லை. உணவு அரிதாகக் கிடைக்கும் வறண்ட நிலத்தில் பிறந்த உயிர் அப்படித்தான் பழகியிருக்கும்.

மூன்றாவது காரணம், கண். ஆமைக்கு நிறங்கள் நன்றாகத் தெரியும். சிவப்பும் மஞ்சளும் அதை இழுக்கும். ஏனென்றால், பூவும் பழமும் பெரும்பாலும் அந்த நிறங்களில்தான் இருக்கின்றன. பூ என்று எண்ணி, சிவப்புப் பிளாஸ்டிக் துண்டையும் கடிக்கும். நகச்சாயம் பூசிய கால் விரலையும் கடித்துப் பார்க்கும்! இந்த வகையில் உள்ளே போவது தேவையினால் வந்தது அன்று, ஏமாற்றத்தினால் வந்தது.

நான்காவது காரணம், பசி. உறக்கத்துக்கு முன்பு வளர்ப்பவர் உணவை நிறுத்துகிறார். ஆனால் வீட்டுக்குள்ளே கணப்பு எரிகிறது. மின்விளக்கு வெளிச்சம் இருக்கிறது. அந்தச் சூட்டில் ஆமையின் உடல், ‘இன்னும் கோடை முடியவில்லை’ என்று நம்புகிறது. பசியும் அடங்குவதில்லை. கீரை கிடைக்காதபோது, காலடியில் விரித்த காகிதம், மரச்சீவல், மணல் எதுவானாலும் வாயில் போட்டுக்கொள்கிறது.

இந்தப் பழக்கங்களில் பல ஆண்டு முழுவதும் காணக்கூடியவைதாம். கோடையில் ஒரு சிறு கல்லை விழுங்கினால் பெரும்பாலும் அது சாணத்தோடு வெளியே வந்துவிடும். ஆனால் உறக்கத்துக்கு முந்திய வாரங்களில் விழுங்கினால், குடல் ஓய்ந்துவிடுவதால், அது உள்ளேயே தங்கிவிடலாம். மணல் மிகுதியாகப் போனால் குடலை அடைத்துக்கொள்ளும். பொருள் ஒன்றுதான், காலம் மாறும்போது அதன் விளைவும் மாறிவிடுகிறது.

சரி, ஆமை தானாகத் தேடித் தின்பதைப் பற்றிச் சொன்னோம். மனிதர்கள் ஆசையோடு கொடுத்துக் கெடுத்ததையும் சொல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் மொரோக்கோ, துருக்கி, யூகோஸ்லாவியா முதலிய நாடுகளிலிருந்து லட்சக்கணக்கான ஆமைகள் பிடிக்கப்பட்டு, பிரிட்டனில் சிறுவர்களின் விளையாட்டுப் பிராணியாக விற்கப்பட்டன. வாங்கியவர்களில் பலருக்கு அதன் இயல்பு தெரியாது. பாலில் ஊறவைத்த ரொட்டியைக் கொடுத்தார்கள். பூனைக்கு வாங்கிய டப்பா இறைச்சியைக் கொடுத்தார்கள். கேக்கையும் வாழைப்பழத்தையும் கொடுத்தார்கள். ‘மாதக்கணக்கில் பட்டினி கிடக்கப் போகிறதே, பாவம்’ என்று இரக்கப்பட்டு, கடைசி வாரத்தில் இன்னும் கூடுதலாக ஊட்டினார்கள். தூரப் பயணம் போகும் பிள்ளைக்கு வயிறு நிறையச் சோறு போடும் தாயின் மனம்தான் அது. ஆனால் ஆமையின் குடல் வேறு. இனிப்பும் மாவும் அதில் புளித்துப் பொங்கும். இறைச்சிச் சத்து மிகுந்தால் சிறுநீரகம் கெடும்.

இலையுதிர் காலத்தில் வைக்கோல் பெட்டிக்குள் படுத்த அந்த ஆமைகளில் பெரும்பாலானவை முதல் சில குளிர்காலங்களைத் தாண்டவில்லை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ‘இன்னும் தூங்குகிறது’ என்று எத்தனை குழந்தைகள் ஏமாந்திருப்பார்கள்! பிபிசி தொலைக்காட்சியின் ‘புளூ பீட்டர்’ என்ற சிறுவர் நிகழ்ச்சி, தன் ஆமையைப் பெட்டியில் உறங்க வைக்கும் முறையை ஆண்டுதோறும் காட்டி, பல பிள்ளைகளுக்கு வழிகாட்டியது. ஆயினும் பிடிபட்டவையும் மடிந்தவையும் கணக்கில் அதிகமாகிக் காடுகள் வெறுமையாகத் தொடங்கின. கடைசியில் 1984-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக நாடுகள் மத்தியதரைக் கடல் ஆமைகளின் வணிக இறக்குமதியைத் தடை செய்தன. அதன்பிறகு அங்கே புதிதாக வளர்ப்புக்கு வருபவை பெரும்பாலும் வீடுகளிலும் பண்ணைகளிலும் முட்டையிட்டுப் பொரித்த குஞ்சுகளே.

இப்போது அங்குள்ள விலங்கு மருத்துவர்கள் கூறும் முறை என்ன?

கோடை முடியும்போதே ஆமையை மருத்துவரிடம் காட்டி எடை போட வேண்டும். நோயுற்றதையும் எடை குறைந்ததையும் உறங்கவிடக் கூடாது. அவற்றை விளக்கு வெப்பத்தில் வைத்து, குளிர்காலம் முழுவதும் உணவு கொடுத்து விழிப்பாகவே வைத்திருக்க வேண்டும். உடல்நலமுள்ள ஆமைக்கு, உறக்கத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே உணவை நிறுத்த வேண்டும். சிறியதானால் ஏறக்குறைய இரண்டு வாரம்; பெரியதானால் மூன்று, நான்கு வாரம். உணவை நிறுத்திய உடனே குளிரில் வைத்துவிடக் கூடாது. குடல் காலியாகும்வரை வெப்பம் தேவை. பிறகு சிறிது சிறிதாக வெப்பத்தைக் குறைத்துவர வேண்டும்.

இந்த விரதம் உணவுக்கு மட்டும்தான், தண்ணீருக்கு அன்று. நாள்தோறும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் ஆமையைச் சிறிது நேரம் விட வேண்டும். அது வேண்டிய அளவு குடித்துக்கொள்ளும். குடலில் எஞ்சியதையும் வெளியேற்றும். உறக்கத்தின்போது ஆமை தன் மூத்திரப் பையில் சேர்த்துவைத்த நீரைக்கூட உடலுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. அந்த நாட்களில் அதன் தரையில் மணல், மரச்சீவல், காகிதத் துண்டு, பிளாஸ்டிக் ஒன்றும் இருக்கக் கூடாது. இல்லாவிட்டால், நாம் ஒரு பக்கம் வயிற்றைக் காலி செய்ய, ஆமை மறுபக்கம் நிரப்பிக்கொண்டிருக்கும்!

உறங்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே போனால் கண்கள் உறைந்து ஆமை குருடாகிவிடக்கூடும்; உயிரும் போகும். 10 டிகிரிக்கு மேல் போனால் அரைத் தூக்கமாகி, சேமிப்பெல்லாம் வீணே கரையும். இந்த அளவைச் சீராக வைப்பது கடினம் என்பதால், இன்று பலர் ஆமைக்கென்றே தனியாக ஓர் ஐஸ் பெட்டியை வைத்திருக்கிறார்கள்! கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும், வெப்பம் ஒரே அளவில் நிற்பதால் அது நல்ல முறைதான். காற்று மாறுவதற்காக மட்டும் அடிக்கடி கதவைத் திறந்து மூடுவார்கள்.

உறங்கும்போதும் எடை பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு குறைவது இயல்பு. அதாவது 1 கிலோ எடையுள்ள ஆமை மாதத்துக்கு ஏறக்குறைய 10 கிராம் இழக்கும். அதைவிட வேகமாகக் குறைந்தால் ஏதோ கோளாறு என்று பொருள். 100 கிராம்வரை குறையும்படி விட்டுவிடக் கூடாது. அதற்கு முன்பே எழுப்பிவிட வேண்டும். எழுந்த ஆமைக்கு முதலில் தருவது வெப்பமும் தண்ணீரும், பிறகுதான் கீரை. ஒரு வாரம் ஆகியும் உண்ணாவிட்டால் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

நேயர்களே, எங்கோ குளிர்நாட்டில் வாழும் ஆமையின் கதை நமக்கு எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். மண் தின்பது ஆமை மட்டும்தானா?

நம் வீடுகளிலும் மண் தின்னும் பிள்ளைகள் உண்டு. வாசலில் விளையாடும்போது மண்ணை வாயில் போட்டுக்கொள்ளும், சுவரைச் சுரண்டித் தின்னும், பல்பத்தைக் கடிக்கும். கருவுற்ற பெண்களில் சிலர் சாம்பலையும், பச்சரிசியையும், செங்கல் துண்டையும் யாருக்கும் தெரியாமல் தின்பதுண்டு. பிள்ளையானால் முதுகில் இரண்டு அடி விழும். பெண்ணானால், ‘மசக்கை, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவோம். இரண்டுமே சரியில்லை. இப்படிப்பட்ட பசிக்குப் பின்னால் பல வேளைகளில் இரத்தச் சோகை, அதாவது இரும்புச் சத்துக் குறைவு, மறைந்திருக்கிறது. மண் தின்பதால் அந்தக் குறை தீர்வதில்லை. மாறாக, மண்ணோடு புழு முட்டைகளும் வயிற்றுக்குள் போய், உள்ள இரத்தத்தையும் கெடுக்கின்றன.

ஆகவே உங்கள் பிள்ளை மண் தின்றால் அடிக்காதீர்கள். கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறதா, எளிதில் களைத்துப் போகிறதா என்று கவனியுங்கள். இரத்தப் பரிசோதனைக்கும் பூச்சி மருந்துக்கும் அதிக நேரம் ஆகாது. கருவுற்ற மகளோ மருமகளோ சாம்பல் தின்பதைக் கண்டால் கேலி செய்யாமல், மருத்துவச் சோதனைக்குப் போகும்போது தாதியிடம் அதைச் சொல்லச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் குறை இருவருக்கு. தாய்க்கும், வயிற்றில் வளரும் பிள்ளைக்கும்.

இறுதியாக ஒரு எச்சரிக்கை. இங்கே நாம் சொன்ன உறக்க முறை குளிர்நாட்டு ஆமைகளுக்கு மட்டுமே உரியது. நம் நாட்டில் குளிர்காலம் இல்லை. நம் காட்டு ஆமைகள் குளிர்கால உறக்கம் கொள்வதும் இல்லை. யாரும் விளையாட்டாகக்கூட ஓர் ஆமையை ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்க்க வேண்டாம், அது செத்துவிடும். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அழகிய நட்சத்திர ஆமைகளும் அப்படியே. பயணப் பெட்டிகளில் அடைத்துக் கடத்தப்படும் அந்த ஆமைகளின் அனைத்துலக வணிகத்துக்கு 2019-இல் மிகக் கடுமையான கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. மலேசியாவிலும் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் பாதுகாக்கப்பட்ட ஆமையை வைத்திருப்பது குற்றம். மலிவாகக் கிடைக்கிறதே என்று பிள்ளைக்கு வாங்கித் தந்துவிட்டால், பழமொழியில் சொன்ன அமீனாவைப்போல் அதிகாரிகள் வாசலுக்கு வரக்கூடும்!

வேலை முடிந்து வரும் வழியில், செம்பனை நிரையிலோ ஆற்றோரத்திலோ ஓர் ஆமையைக் கண்டால், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அது எதைத் தின்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று சற்று நின்று பார்க்கட்டும். பார்த்த பின்பு, அதை அதன் வழியிலேயே போகவிடுங்கள்.